மல்லனின் கைத்தோல்

பெண்ணையாற்றின் தென்கரையில் உள்ள நெடுங்கல் கோட்டை முற்றுகையிடப்பட்ட பதினோராம் நாள் அந்தியில், நீர்வாயில் முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்:

பிடாரி நங்கை. கோட்டைத் தலைவரின் மகள். வயது இருபது. வில்லைக் கையில் எடுத்து இரண்டு நாளே ஆகிறது.

கூத்தன் விச்சாதிரன். தண்டநாயகன். ஐந்தாம் நாள் சண்டையில் வலக்கண்ணைப் பறிகொடுத்தவன்.

காவன். ஆயுதசாலையின் தோல்வினைக்காரன். ஒரு கால் சூம்பியவன். வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு.

வேம்பன். குயவன்.

சேந்தன். உப்பு வணிகன். முற்றுகைக்கு முதல் நாள் பொதிமாடுகளோடு உள்ளே வந்து அகப்பட்டுக்கொண்டவன்.

பழுவன். நீர்வாயில் காவலன். சாவி இவன் இடுப்பில்.

மடைப்பள்ளிப் பெண்கள் இருவர். வாயிலின் மேல்தளத்தில், கொதிக்கும் இலுப்பை எண்ணெய்க் கொப்பரையின் பக்கத்தில்.

இவர்களைத் தவிர, ஒன்பது பிணங்கள்.

வாசகர்களே, முதலில் ஆற்றைப் பார்த்துவிடுவோம். இன்னும் சிறிது நேரத்தில் அதற்கு நேரம் இருக்காது. மேற்கே சூரியன் விழுந்துகொண்டிருந்தான். மணல் திட்டுகளுக்கு நடுவே பிரிந்து ஓடிய நீர்க்கால்கள் ஒவ்வொன்றும் செம்பை உருக்கி வார்த்தது போலத் தகதகத்தன. நாணல் புதர்களுக்கு மேலே கொக்குகள் வரிசையாகக் கூடு திரும்பின. வடகரையில், முற்றுகையிட்டிருந்த கருங்கானூர் அரையனின் பாசறையில் நூற்றுக்கணக்கான அடுப்புகளின் புகை நேர்கோடாக எழுந்து வானில் கலந்தது. அழகிய மாலைதான். ஆனால் அந்த நாணலுக்குள் மூன்று நாளாக ஊறிய உடல்கள் மிதந்தன. காற்று திரும்பும்போதெல்லாம் மதில் மேல் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

கோட்டையில் கிணறு கிடையாது. நீர்வாயில் கதவைத் திறந்தால் இருபது படிகள் பாறையைக் குடைந்துகொண்டு கீழே இறங்கி ஆற்றில் முடியும். அடியில் இரும்புக் கம்பிக் கதவு ஒன்று. படிகளுக்கு மேலே, கூரை நெடுக, எண்ணெய் ஊற்றுவதற்கான துளைகள். நானூறு பேர் குடிக்கும் நீர் இந்த ஒரு வழியாகத்தான் வந்தது. இந்த வழி போனால் கோட்டை போயிற்று. காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்த கோட்டைத் தலைவர் கட்டிலிலேயே வெட்டுப்படுவார். மற்ற நானூறு பேருக்கும் என்ன நடக்கும் என்பதை, அரையன் முன்பு பிடித்த இரண்டு ஊர்களின் சாம்பலைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

விச்சாதிரன் சுருக்கமாகப் பேசினான். "நிலவு எழும்போது ஏணி வைப்பார்கள். அறுபது வில்லாளிகள் இருந்தோம், பதினொருவர் மிஞ்சினோம். ஆகையால் இன்றிலிருந்து இரண்டு கை உள்ளவரெல்லாம் வில்லாளிகள். நங்கையாரே, தாங்கள் அரண்மனைக்குள் இருப்பதே முறை."

"முறையைப் பார்க்கும் நிலையில் நாம் இல்லை, தண்டநாயகரே" என்றாள் பிடாரி நங்கை.

"உள்ளே ஒற்றன் ஒருவன் இருக்கிறான் என்பதையும் மறக்க வேண்டாம். நம் காவல் மாறும் நேரம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது." அவன் ஒற்றைக் கண்ணால் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மதில் ஏறினான்.

காவன் பிணங்களுக்கு நடுவே உட்கார்ந்து, அவற்றின் இடது முன்கைகளிலிருந்து கைத்தோல்களை அறுத்தெடுத்துக்கொண்டிருந்தான். வில்லைப் பிடிக்கும் கையின் உட்புறத்தைக் காக்கும் தோல்பட்டை அது. அது இல்லாமல் எய்தால், விடுபட்ட நாண் சாட்டை போல முன்கையில் விழும். முதல் அம்புக்குச் சிவக்கும், ஐந்தாவதற்குக் கன்றும், பத்தாவதற்குத் தோல் உரியும். பிடாரி நங்கை அன்று காலை பன்னிரண்டு அம்புகள் எய்திருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவளுக்குத் தோல் இல்லை. சுற்றியிருந்த துணி சதையோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

எடுத்த கைத்தோல்களைக் காவன் ஒரு பலகையில் பரப்பினான்.

"வாங்க, வாங்க. ஆளுக்கு ஒண்ணு. பாத்து எடுங்க. தொட்டதத்தான் கட்டணும், திருப்பி வைக்கக் கூடாது. செத்தவன் பொருளத் தொட்டுட்டு வேணாம்னு வச்சா, அவனையே வேணாம்னு தள்ளின மாதிரி. அதுதான் இந்தக் கோட்டை வழக்கம்."

குயவன் வேம்பன் பலகைக்கு மேல் கையை ஆட்டிக்கொண்டே நின்றான். பிறகு, பித்தளைக் குமிழ்கள் வரிசையாகப் பதித்த ஒன்றைத் தொட்டான். வெறும் தோலைவிட உலோகம் நன்றாகக் காக்கும் என்பது அவன் எண்ணம். புதிதாக வில் எடுக்கும் எவனுக்கும் அதுதான் எண்ணம்.

"தொட்டாச்சா? போச்சு" என்றான் காவன். "அது ஊர்வலத்துக்குப் போடுறது. ஒவ்வொரு குமிழும் நாணப் புடிச்சு இழுக்கும்."

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதாய்யா?"

"ஓட்டைப் பானைய விக்கும்போது நீ சொல்லியிருக்கியா?"

"அடப்பாவி, ஒரு பானைக்கு இப்படிப் பழி வாங்குற!"

"ரெண்டு பானை. எம் பொஞ்சாதி இன்னும் திட்டுறா."

சேந்தன் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, இருப்பதிலேயே நீளமான ஒன்றை எடுத்தான். முழங்கை மடிப்பையும் தாண்டும் அளவு நீளம். கட்டினால் கை மடங்காது. அதை அவன் வலது கையில் வேறு வைத்துப் பார்த்தான்.

"உப்புக்காரரே! வில்லப் புடிக்கிற கைக்குத்தான்யா அடி விழும். இடது கை, இடது கை! உன்ன எல்லாம் மதில்ல ஏத்துறதுக்கு, எருமைய ஏத்தினா கொம்பாவது இருக்கும்."

"எருமைக்கு உப்பு விற்கத் தெரியாதே, காவரே!"

சாவு நிறைந்த அந்த முற்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பிடாரி நங்கையும் சிரித்தாள். இந்தப் பத்து நாளில் அவளைச் சிரிக்க வைத்தவன் அவன் ஒருவன்தான். காயம்பட்டவர்களை அவளோடு சேர்ந்து தூக்கினான். அவளோடு சேர்ந்து நீர் இறைத்தான். எட்டாம் நாள் காலை அவளுடைய தமையன் மல்லன், கோட்டையின் தலைசிறந்த வில்லாளி, மதில் மேல் நின்றபடியே கழுத்தில் அம்பு பாய்ந்து விழுந்தான். அன்று முழுதும் அவள் அருகில் நின்றவன் சேந்தன். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அதனாலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப் போயிற்று.

அவள் பலகையருகே வந்தாள். மூன்று நாளாகக் காவன் எடுத்து வைத்திருந்த மல்லனின் கைத்தோலும் ஒரு ஓரத்தில் கிடந்தது. எருமைத்தோல், அலங்காரம் எதுவும் இல்லை, ஒரு பக்கம் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. அவள் வேறு எதையும் பார்க்காமல் அதைத் தொட்டாள்.

"அம்மா, அது உங்களுக்குப் பெருசு" என்றான் காவன், முதல் முறையாகத் தணிந்த குரலில்.

"தொட்டாகிவிட்டது."

ஒரு கையால் மற்றொரு கையில் வாரைக் கட்டுவது எளிதன்று. அவள் இரண்டு முறை முயன்றாள், இரண்டு முறையும் தோல் சுழன்று புறங்கைப் பக்கம் போய்விட்டது. காவன் அடுத்த பிணத்துக்கு நகர்ந்திருந்தான். சேந்தன் அவள் எதிரில் மண்டியிட்டு, "கையைத் தாருங்கள்" என்றான்.

அவன் அருகில் கிடந்த பிணத்தின் தலைப்பாகையிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்து, பெரிதாக இருந்த தோலுக்கு அடியில் மடித்து வைத்தான். மடிப்பு எதுவும் உட்புறம் வராமல் விரலால் நீவினான். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் கீழே தோலை நிறுத்தினான். வாரை வாயில் வைத்து எச்சிலால் நனைத்துக்கொண்டு, "கையை இறுக மூடுங்கள்" என்றான். அவள் மூடினாள். அதற்குப் பிறகுதான் வாரை இழுத்தான். முடிச்சைக் கையின் வெளிப்புறத்தில் போட்டு, நுனி தொங்காமல் உள்ளே செருகினான். காயத்தின் மேல் தோல் அழுந்தியபோது அவள் பல்லைக் கடித்தாள். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டது.

வடகரையில் சங்கு ஒலித்தது.

அடுத்த அரை நாழிகை நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது, வாசகர்களே. அங்கே இருந்தவர்களுக்கே அது வரிசையாக நினைவில்லை. படகுகள் வந்தன. ஏணிகள் மதிலில் சாய்ந்தன. கிழக்கே, ஆற்றுக்கு மேலே, நிலவு ஒரு வெட்டுக்காயம் போலச் சிவந்து எழுந்தது. ஏணியில் ஏறி வருபவனைக் குறிபார்க்க வேண்டியதில்லை. அவன் முகம் நான்கு முழத்தில் இருக்கும். பிடாரி நங்கை முதலில் எய்த அம்பு ஒருவனின் கன்னத்தில் நுழைந்து காதுக்குப் பின்னால் வெளிப்பட்டது. அவன் கைகளை விடாமல் ஏணியிலேயே தொங்கினான். அவனுக்குக் கீழே இருந்தவன் அவனை ஒரு மூட்டையைப் போல இழுத்து எறிந்துவிட்டு ஏறினான். அவனுக்கும் ஒரு அம்பு. ஒருவன் மதிலின் விளிம்பைப் பற்ற, விச்சாதிரன் அவன் விரல்களை வாளால் அரிந்தான். நான்கு விரல்கள் மதிலின் இந்தப் பக்கம் கிடந்தன.

வேம்பன் அவளுக்கு அடுத்த இடத்தில் நின்றான். அவனுடைய முதல் அம்பு வில்லிலிருந்து கிளம்பி மூன்று முழத்தில் தலைகுப்புற விழுந்தது. நாண் பித்தளைக் குமிழில் சிக்கியிருந்தது. இரண்டாவது அம்பும் அப்படியே. மூன்றாவதற்கு நாண் குமிழ் ஒன்றைப் பிடுங்கி எறிய, அந்த அதிர்ச்சியில் கட்டு அவிழ்ந்து, கைத்தோல் மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது. "இதக் கட்டினவன் எவன்டா... நான்தானா" என்று முனகிக்கொண்டே அவன் அதை மேலே இழுக்கக் குனிந்தான். நிமிரும்போது ஒரு வேல் அவன் வாய்க்குள் புகுந்தது. அவன் பற்கள் தெறித்துப் பிடாரி நங்கையின் தோளில் பட்டன.

வேல் எறிந்தவனின் வயிற்றில் அவள் எய்தாள். அடுத்த அம்பைப் பொருத்தும்போது, ஒரு வினாடி, தன் கையைப் பார்த்தாள்.

இருபது அம்புகளுக்கு மேல் எய்திருந்தாள். கை வலிக்கவில்லை. பெரிய தோல், பழகாத கை, அடியில் கந்தல் துணி. ஆனாலும் ஒரு நூல் நகரவில்லை. புது வில்லாளிகளுக்குக் கையை மூடச் சொல்லிவிட்டுத்தான் மல்லன் கட்டுவான். வில்லைப் பிடிக்கும்போது முன்கை புடைக்கும்; தளர்ந்த கையில் கட்டினால் அந்த நேரத்தில் வார் அறுக்கும் அல்லது அவிழும் என்பான். முடிச்சை வெளியே போடுவான். வாரை வாயில் நனைப்பான். ஆயிரம் காலைகள் கட்டியவனுக்கு வரும் பழக்கம் அது.

வலது கையில் வைத்துப் பார்த்த உப்பு வணிகனுக்கு அது எப்படி வந்தது?

அவள் திரும்பினாள். சேந்தன் நின்ற இடம் காலியாக இருந்தது.

படிகளில் அவள் ஓடவில்லை, விழுந்து இறங்கினாள். முற்றத்தில் பிணங்கள் பத்தாகியிருந்தன. பத்தாவது பழுவன், கழுத்து ஒரு காதிலிருந்து மறு காது வரை திறந்திருந்தது, சரிந்த உடலிலிருந்து இன்னும் ரத்தம் கொப்பளித்தது. நீர்வாயிலின் கருங்காலிக் கதவில் சேந்தன் சாய்ந்து நின்று, சாவியைப் பூட்டில் நுழைத்துக்கொண்டிருந்தான்.

அவள் கூப்பிடவில்லை. எய்தாள்.

அம்பு அவன் வலது உள்ளங்கையைத் துளைத்துக் கதவில் தைத்தது. அவன் கத்தவில்லை. மூச்சு மட்டும் ஒரு முறை சீறியது. தலையைத் திருப்பி, அவள் அடுத்த அம்பைப் பொருத்திவிட்டதைப் பார்த்தான்.

"இதயத்தைக் குறிவைத்தீர்களா?" என்றான்.

"ஆம்."

"இரண்டு நாள் பயிற்சிக்கு மோசமில்லை."

"நீ யார்?"

அவன் பதில் சொல்லும் முன் கதவுக்குள்ளிருந்து, வெகு கீழிருந்து, ஓசைகள் எழும்பி வந்தன. கவசங்கள் உரசும் ஓசை, யாரோ இருமி அடக்கும் ஓசை. அவளுக்குப் புரிந்தது. ஏணிகள் வெறும் கண்துடைப்பு. கம்பிக் கதவை அறுத்துவிட்டார்கள்; படிகளின் அடியில் காத்திருக்கிறார்கள்.

"எத்தனை பேர்?"

"நாற்பது. நான் மூன்று முறை தட்டினால் ஏறி வருவார்கள்." சேந்தன் அம்பின் தண்டைப் பல்லால் கடித்து உடைத்தான். பிறகு கையைக் கதவிலிருந்து பிடுங்கினான். ரத்தம் அவன் முழங்கை வரை வழிந்தது. "என் பெயர் அவனிமாறன். கருங்கானூர் அரையரின் இளைய மகன்."

பிடாரி நங்கையின் நாண் ஒரு விரல் அளவு பின்னுக்குப் போயிற்று.

"ஆற்றுப் படகுகள் நானூறு அடி தொலைவில் நின்றன" என்றாள். "என் தமையன் விழுந்த அன்று. அவ்வளவு தொலைவிலிருந்து கழுத்தில் எய்ய எவராலும் முடியாது என்று தண்டநாயகர் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை."

"களஞ்சியக் கூரையிலிருந்து எய்தேன். வில் உப்புப் பொதிக்குள் இருந்தது." அவன் குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. "அவர் இருக்கும்வரை எங்கள் ஏணிகள் எதுவும் நிற்கவில்லை. அதனால் எய்தேன்."

"எய்துவிட்டு வந்து என் அருகில் நின்றாய்."

"ஆம்."

"அவனுடைய தோலை என் கையில் கட்டினாய்."

"ஆம்." அவன் தன் கையைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தான், ஒரு கையும் பல்லும் போதுமாயிருந்தன. "என் கையில் எவ்வளவு வேண்டுமானாலும் தப்பாகக் கட்டுவேன். பத்து நாள் பயிற்சி செய்த நாடகம். உங்கள் கையில் தப்பாகக் கட்ட வரவில்லை. துணி சதையோடு ஒட்டியிருந்தது. நான் தப்பாகக் கட்டியிருந்தால் நீங்கள் ஐந்து அம்போடு நின்றிருப்பீர்கள். நான் கதவைத் திறந்திருப்பேன். தெரிந்துதான் கட்டினேன் என்று சொல்ல மாட்டேன். கை கட்டிவிட்டது. பிறகு தெரிந்தது."

இந்த இடத்தில் காதலைப் பற்றி நான் நாலு வரி எழுத வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். எழுத ஒன்றும் இல்லை. அவளுக்கு அவன் மேல் ஆசை இருந்தது. அது அந்தக் கணத்திலும் போகவில்லை. அதோடுதான் அவள் அம்பை அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

மேல்தளத்திலிருந்து மடைப்பள்ளிப் பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "அம்மா, கீழ ஆளுங்க நிக்குறாங்க! துளை வழியாத் தலை தெரியுது! ஊத்தட்டா?"

பிடாரி நங்கை நிமிர்ந்து பார்க்காமல், "நான் கை காட்டும்போது" என்றாள்.

அவனிமாறனின் முகம் முதல் முறையாக மாறியது. "அவர்களில் பாதிப் பேர் ஓடக்காரர்கள். நான் கூப்பிட்டேன் என்று வந்தவர்கள். என்னைக் கீழே போக விடு. நான் சொன்னால் திரும்பிப் போவார்கள்."

"நாளை மறுபடி வருவார்கள்."

"வருவார்கள்."

"பிறகு நான் ஏன் உன்னை விட வேண்டும்?"

"விடாவிட்டால் விச்சாதிரன் என்னைக் கழுவில் ஏற்றுவான். இந்த முற்றத்தில்தான் நடுவான். உயர்ந்த கழுமரம் ஆற்றிலிருந்து பார்த்தால் தெரியும் இடம் இதுதான். மூன்று நாள் உயிர் போகாது. நீ தினமும் நீர் எடுக்க இந்த வழியாக வர வேண்டும், நங்கை."

மதில் மேல் யாரோ தாயைக் கூப்பிட்டு அலறினான். அலறல் பாதியில் நின்றது. அவள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று நாள் என்பதை அவளால் எண்ணிப் பார்க்க முடிந்தது.

"திற" என்றாள்.

அவன் இடது கையால் சாவியைத் திருப்பினான். கதவு தாழ்வானது, குனிந்துதான் நுழைய முடியும். உள்ளிருந்து பாசி வாடையும் குளிரும் வந்தன. கீழே இருட்டில் யாரோ நம்பிக்கையோடு மெல்லக் கேட்டார்கள்: "இளவரசே?"

"நூறு எண்ணும் நேரம் போதும்" என்றான் அவனிமாறன். "அதற்குள் கடைசி ஆளும் நீரில் இருப்பான்."

"தருகிறேன்."

"எதன் மேல் ஆணை?"

"என் தமையன் மல்லன் மேல் ஆணை."

அவன் அவளை நன்றாகப் பார்த்தான். தான் கொன்றவன் மேல் தனக்குச் செய்யப்பட்ட ஆணை என்ன விலை பெறும் என்பது அவனுக்குத் தெரியும். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கீழேயிருந்த குரல் மறுபடி கூப்பிட்டது. அவன் தலையைக் குனிந்து, காயம்பட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் ஆட்களை நோக்கிப் படியிறங்கினான்.

பிடாரி நங்கை கதவைத் தள்ளிச் சாத்தினாள். இடது கையை உயர்த்தி மேல்தளத்துப் பெண்களுக்குக் காட்டிக்கொண்டே, வலது கையால் சாவியை இரண்டு சுற்றுத் திருப்பிப் பூட்டினாள்.